ஆடு மேய்க்கிற அம்மாவுக்குத் தெரிந்த வழி: ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பும் ஆர்கானிக் மேப்ஸும்

கிருஷ்ணகிரியில் குட்டி யானை ஓட்டுகிறேன். சீசன் வந்துவிட்டால் மாங்காய் லோடுதான், தோப்பிலிருந்து மண்டிக்கு, இல்லையென்றால் கூழ் ஃபேக்டரிக்கு. இரண்டு வருடமாக வழி பார்ப்பதற்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியைத்தான் வைத்திருக்கிறேன். நம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ஏன் மாறினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு தோப்பில் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு வேறொரு செயலி காட்டிய குறுக்கு வழியில் வந்தேன், அது நேராக ஒரு ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டது. கரைமேல் பைக் போகும், லோடு வண்டி போகாது, திருப்பவும் இடமில்லை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இதுல வண்டி போவாதுப்பா, அந்த மொடக்குலயே யாரையாவது கேட்டிருக்கலாம் இல்ல" என்றார். ரிவர்ஸிலேயே வெளியே வந்து ஃபேக்டரிக்குப் போனபோது எனக்கு முன்னால் பெரிய வரிசை நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்குத் தெரிந்த விஷயம் என் போனுக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்கு மனதில் நின்றது.

என் அக்கா மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். "மாமா, அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சத நீங்களே மேப்ல போடலாம்" என்று அவன்தான் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைக் காட்டினான். நம் மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்த அதே 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிப்பீடியாவில் எழுதுவதுபோல யார் வேண்டுமானாலும் இதில் ரோடு வரையலாம், பெயர் சேர்க்கலாம், தப்பைத் திருத்தலாம். அந்தத் தரவை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டால் போதும், அதை மேம்படுத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். அந்தத் தரவில் ஓடுவதுதான் ஆர்கானிக் மேப்ஸ். விளம்பரம் கிடையாது, நாம் எங்கே போகிறோம் என்று பின்னாலேயே வந்து குறிப்பெடுக்கவும் செய்யாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நெட் இல்லாமல் ஓடுவது. வீட்டில் வைஃபையில் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கிக்கொண்டால் போதும். அஞ்செட்டியிலிருந்து நாட்ராபாளையம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்களுக்குத் தெரியும், காட்டுக்குள் சிக்னல் எங்கே போகும் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு டவர் தேவையில்லை. வரைபடமும் போனுக்குள்ளேயே இருப்பதால் நடுக்காட்டில்கூட அம்புக்குறி நம்மோடு நகர்ந்துகொண்டே வருகிறது.

அப்புறம் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்று இன்னொரு ஆண்ட்ராய்டு செயலி. நாம் நிற்கிற இடத்தைச் சுற்றி வரைபடத்தில் எது விடுபட்டிருக்கிறதோ அதைக் கேள்வியாகக் கேட்கும். ஒரு ரோட்டைத் தொட்டால் தார், கான்கிரீட், ஜல்லி, மண் என்று படங்கள் வரும், சரியானதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஃபேக்டரி வாசலில் லோடு இறங்கக் காத்திருக்கும் நேரத்தில் நான் உட்கார்ந்து செய்வது இதைத்தான், ஆனால் வரும் வழியில் கண்ணால் பார்த்ததை மட்டும். புது ரோடு வரைய வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் பிங் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரையலாம். கூகுள் வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்பதில் மட்டும் ரொம்பக் கறாராக இருக்கிறார்கள், அது நியாயம்தான்.

நான் முதன்முதலில் போட்டது அந்த ஏரிக்கரை. ஆர்வத்தில் அதை ஊராட்சி ரோடு மாதிரிக் குறித்துவிட்டேன். இரண்டு நாளில் முன்பின் தெரியாத ஒருவர், "படத்தில் வண்டித்தடம்போலத் தெரிகிறது, நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்டு, கார் போகாது, பைக் போகும் என்பதை எப்படிக் குறிப்பது என்றும் எழுதியிருந்தார். அவருக்கு அந்த ஊரில் என்ன வேலை? நம் ஊர் வழி சரியாக இருக்க வேண்டும் என்று அவர் நேரம் செலவழித்தது எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. நாம் திருத்துவது வரைபடத்தில் உடனே ஏறிவிடும், ஆனால் ஆர்கானிக் மேப்ஸுக்கு வர அடுத்த அப்டேட் வரை பொறுக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. டிராஃபிக் காட்டாது, தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் தேங்கி நின்றாலும் அதற்குத் தெரியாது, சேலம் லோடு என்றால் நான் வேறு செயலியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். டவுனிலேயே பல கடைகள் இல்லை. ஊர்ப்பெயர் தேடுவது இன்னும் சிரமம். ஊர்ப்பெயர் முடிவில் நாம் "அள்ளி" என்போம், வரைபடத்தில் ஆங்கிலத்தில் "ஹள்ளி" என்று இருக்கும், தமிழ்ப்பெயரை யாராவது சேர்க்காதவரை தமிழில் தேடினால் கிடைக்காது. ஒரு பெயர் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகாது, நான் போகிற ஊர்களுக்கெல்லாம் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.

2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தார்களே, அது இந்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் மேல்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வந்தால் மூழ்குகிற தரைப்பாலம் எது என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கம் இருக்கிறவர்கள் யாராவது ஐப்பசி மழைக்கு முன்னால் அதையெல்லாம் குறித்து வைத்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. எப்படிக் குறிப்பது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்லித்தருகிறேன்.