காற்றுக்கு எங்கே போவது? பம்ப் பிஸ்டலும் சிலிண்டர் பிஸ்டலும்

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அன்று சாயங்காலமே அண்ணன் மகள், "சித்தப்பா, நாமளும் சுடப் பழகுவோமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு நாற்பத்துமூன்று. அப்போது இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு, காற்றை முன்கூட்டியே அடைத்துவைத்துச் சுடும் சிலிண்டர் பிஸ்டல் ஒன்று வாங்கி, எட்டு மாதம் வைத்திருந்து விற்றோம். இப்போது கையில் இருப்பது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் காற்றடிக்கும் பம்ப் பிஸ்டல். திருநெல்வேலிப் பக்கம் புதிதாகப் பழகுகிறவர் எதை வாங்கலாம் என்று கேட்டால், பம்ப் பிஸ்டல் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வேறு சில வகைகளும் உண்டு, அவற்றை முதலிலேயே தள்ளிவிடலாம். மலிவான ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட் எனும் சின்னக் குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி முட்டி, கையை உலுக்கிவிடும். தப்பு கையிலா துப்பாக்கியிலா என்று கற்றுக்கொள்கிறவருக்குப் பிடிபடாது. கார்பன் டை ஆக்சைடு வகை நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. 20 டிகிரியில் 57 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும் அழுத்தம், 30 டிகிரியில் 70ஐத் தாண்டிவிடும். பாளையங்கோட்டையில் சித்திரை மதியம் 38 டிகிரி என்றால், காலையில் சுட்ட இடத்தில் மதியம் குண்டு விழாது. பாயிண்ட் 22 துப்பாக்கி உண்மையான வெடிமருந்து ஆயுதம். லைசென்ஸ், கிளப், தோட்டாச் செலவு என்று அது தனிக் கதை. 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலுக்கு, 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தி என்றால், 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். போட்டிப் பிஸ்டல்கள் 6 ஜூல் அளவை ஒட்டித்தான் இருக்கும்.

ஆக மிஞ்சுவது இரண்டு. சிலிண்டர் பிஸ்டலில் குழாய்க்கு அடியில் ஒரு சின்ன உருளை இருக்கும். அதில் 200 பார் வரை காற்றை அடைத்துக்கொண்டால் நூறு, நூற்றைம்பது முறை சுடலாம். பம்ப் பிஸ்டலில் ஒவ்வொரு முறையும் லீவரை ஒரு தடவை இழுத்து மூடினால், ஒரு குண்டுக்கான காற்று அடைபடும். எங்களிடம் இருப்பது பழைய பைக்கால் ஐஜே-46எம், ரஷ்யத் தயாரிப்பு, 1.3 கிலோ.

எது துல்லியம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பழகுகிறவர் கைக்கு இரண்டும் ஒன்றுதான். குறி அட்டையில், அதாவது கார்டில், பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். நல்ல பெல்லட் போட்டால் இரண்டு பிஸ்டலுமே ஒரே துளையில் குண்டை அடுக்கும். கோளாறு வருவது சைட்டில், அதாவது குறி பார்க்க பிஸ்டலின் முன்னும் பின்னும் இருக்கும் பாகங்களில். எங்கள் பிஸ்டலில் ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவே சுமார் 360 மில்லிமீட்டர். ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் ஒதுங்கினால், 10 மீட்டர் தள்ளி அது 28 மில்லிமீட்டர் ஆகிவிடும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் ஆடினால், கார்டிலும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டிய அன்றுதான், அண்ணன் மகள் கை ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டாள். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும், ஃப்ரண்ட் சைட்டின் மேல்விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் இருக்க வேண்டும். டிரிக்கரை அழுத்தும்போது அந்த வெளிச்சம் மாறக் கூடாது, குண்டு போன பிறகும் ஒரு நொடி மாறக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள இரண்டு லட்ச ரூபாய் பிஸ்டல் வேண்டியதில்லை.

சிலிண்டர் பிஸ்டலின் சுகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை கிரிப்பைப் பிடித்துவிட்டால் பத்துக் குண்டுக்கும் பிடி கலையாது. பெல்லட் வைத்தோம், தூக்கினோம், சுட்டோம் என்று போகும். டிரிக்கர் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்தினி என்று உலகப் போட்டியில் எந்தப் பெயர் வந்தாலும் அது சிலிண்டர் வகைதான்.

அப்புறம் ஏன் விற்றோம்? காற்றால்தான்.

வாங்கிய வாரம் வண்ணார்பேட்டையில் தெரிந்த டயர்க் கடைக்குப் போனேன். சிலிண்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த அண்ணாச்சி, "தம்பி, என் கம்ப்ரஸர் பத்து பாரைத் தாண்டாது. நீங்க இருநூறு கேக்கீங்களே" என்றார். அவர் சொன்னது சரிதான். கார் டயருக்கு இரண்டரை பார் போதும். 200 பாருக்கு முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டும் டாங்கி வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள கைப்பம்பு வேண்டும். தூத்துக்குடியில் கடலுக்கடியில் வேலை செய்கிறவர்கள் வழியாக டாங்கி நிரப்பலாம் என்று ஒருவர் சொன்னார். போய் விசாரித்தேன். நிரப்பிக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். 12 லிட்டர் டாங்கி ஒன்று இருந்தால் பிஸ்டலுக்கு மாதக்கணக்கில் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் டாங்கியை வாங்க வேண்டும், காலாகாலத்தில் நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நிரம்பிய டாங்கியைக் காரில் வைத்து ஐம்பது கிலோமீட்டர் வெயிலில் கொண்டுவர வேண்டும். மனசு ஒப்பவில்லை. கைப்பம்பு வாங்கினேன்.

மச்சில் நின்று கைப்பம்பு அடிப்பதை ஒரு தடவை செய்து பார்த்தால்தான் தெரியும். 100 பாரிலிருந்து 200க்குக் கொண்டுபோக எழுபது, எண்பது அடி. கடைசி இருபதுக்கு உடம்பின் முழுக் கனத்தையும் கைப்பிடி மேல் போட வேண்டும். பாதியில் பம்பு கொதிக்கும், நிறுத்தி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கேஜில் 200 காட்டும், சிலிண்டர் குளிர்ந்ததும் முள் கீழே வந்துவிடும். இத்தனையும் முடித்துக் கீழே வந்து பிஸ்டலைத் தூக்கினால், தோளும் முன்கையும் நடுங்கும். எந்தச் சதையை அசையாமல் வைக்கப் பழகுகிறோமோ அந்தச் சதையை முதலில் களைக்கவைத்துவிட்டுப் பழகுவதா? கடைசியில் காற்றடிப்பது ஒரு நாள், சுடுவது மறுநாள் என்று ஆயிற்று. அண்ணன் மகளால் 150க்கு மேல் அடிக்கவே முடியவில்லை. நான் வெளியூர் போனால் அவளுக்குப் பயிற்சி நின்றுவிடும்.

ஐப்பசி மழை வந்ததும் அடுத்த தொல்லை. ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியும். பம்பின் வடிகால் திருகைத் திறந்தபோது கலங்கலாக நீர் தெறித்தது. அதில் எவ்வளவு பிஸ்டல் சிலிண்டருக்குள் போயிருக்குமோ என்ற கவலையில் அன்று இரவு தூக்கமே இல்லை. அதே மாதம் நிரப்பும் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கி, ரப்பர் அறுந்தது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். கடுகளவு குமிழி ஒன்று வந்து, உடைந்து, திரும்ப வந்தது. ஒரு ராத்திரியில் 40 பார் இறங்கிவிட்டது. பைக் கடையிலும் மோட்டார்க் கடையிலும் அந்த அளவு ஓ-ரிங் கிடைக்கவில்லை. வெளிமாநிலக் கடை ஒன்றில் சொல்லி, தபாலில் வந்து சேர மூன்று வாரம் ஆனது. ஓர் எச்சரிக்கை: கையில் கிடைக்கிற எண்ணெயை அங்கே தடவிவிடாதீர்கள். உயர் அழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றும். சிலிக்கோன் மசகு மட்டும்தான்.

இதோடு தேதியும் இருக்கிறது. போட்டிச் சிலிண்டருக்கு அதிகபட்சம் பத்து ஆண்டு ஆயுள், அதன் மேலேயே ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். நான் பழைய பிஸ்டல் வாங்கியபோது அதைப் படிக்கவில்லை. விற்கப் போனபோது வந்தவர் முதலில் படித்ததே அதைத்தான். இரண்டு வருடம்கூட மிச்சமில்லை. புதுச் சிலிண்டர் இறக்குமதி, விலை அதிகம். அவர் அந்த விலையைக் கழித்துக்கொண்டு கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன்.

பம்ப் பிஸ்டலில் இந்தப் பேச்சே இல்லை. எங்கள் வீடு பழைய நீள வீடு. தார்சாவில் நின்றால் புறவாசல் சுவர் வரை 10 மீட்டர் தாராளமாக வரும். இரவு எட்டு மணிக்குப் புறவாசல் கதவைத் தாழ் போட்டு, வீட்டில் எல்லோரும் நமக்குப் பின்பக்கம் வந்துவிட்டார்களா என்று பார்த்து, இரும்புப் பெட்டியில் கார்டைச் சொருகி, விளக்கைப் போட்டால் ஆரம்பித்துவிடலாம். இடக்கையில் பிஸ்டலைத் தாங்கி, அடி லீவரை முன்னால் முழுக்கத் திறந்து, நிதானமாக மூடும்போது கடைசி நாலு விரற்கடையில் காற்று எதிர்க்கும். மூடியதும் பெல்லட்டை வைத்து பிரீச்சை, அதாவது பெல்லட் வைக்கும் இடத்தின் மூடியை, அமர்த்த வேண்டும். ஒரு 'டப்', அவ்வளவுதான். கரண்ட், டாங்கி, கேஜ், மழைக்காலம் எதுவும் கணக்கில் இல்லை. ஒவ்வொரு தடவையும் அடைபடும் காற்று ஒரே அளவு, அதனால் வேகமும் ஒரே சீராக இருக்கிறது. குண்டு போடாமல் டிரிக்கரை மட்டும் பழகும் 'டிரை' பயிற்சிக்கு பம்ப் அடிக்கக்கூட வேண்டாம், பிரீச்சைத் திறந்து மூடினால் டிரிக்கர் தயார். வாரத்தில் நாலு நாள் நாங்கள் செய்வது அதுதான், வெள்ளைச் சுவரைப் பார்த்து முப்பது தடவை. முடித்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காப்பியைத் தொடுவோம். பெல்லட் ஈயம் அல்லவா.

குறை உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் பிடி கலைகிறது. சிலிண்டர் பிஸ்டலில் பழகியவர்கள் முதலில் சொல்வதே இதைத்தான். எனக்கும் முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைப் புதிதாகப் பொருத்தி, மணிக்கட்டை இறுக்கி, நிற்பதைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், அந்தப் பிடி கைக்குப் பாடமாகிவிட்டது. சிலிண்டர் பிஸ்டல் இருந்த நாட்களில் இரண்டு பேருமே அரைமணியில் அறுபது குண்டைத் தீர்த்துவிடுவோம். போன குண்டு எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று யோசிக்கும் முன்பே அடுத்தது போயிருக்கும். இப்போது ஒரு குண்டுக்கு ஒரு நிமிடம் ஆகிறது, அந்த நிமிடத்தில் நோட்டில் எழுத நேரம் கிடைக்கிறது. போட்டியிலும் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், குண்டுக்கு 75 நொடி. நாங்கள் வீட்டில் அலாரம் வைத்துப் பார்த்தோம், நேரம் போதுகிறது. களைப்பு மட்டும் நாற்பது குண்டுக்கு மேல் தெரிகிறது. கிளப் அளவைத் தாண்டிய போட்டியில் அது எவ்வளவு புள்ளியைத் தின்னும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

மாநில அளவுக்குக் குறி வைத்திருக்கிற பிள்ளை, கிளப்பிலேயே டாங்கியும் பயிற்சியாளரும் இருக்கிறார்கள் என்றால், சிலிண்டர் பிஸ்டலே சரி, என் காற்றுக் கவலை அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் அங்கேயும் பராமரிப்பில் கண் இருக்க வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் இதே மனு பாக்கர், பிஸ்டலில் வந்த கோளாறால் பல நிமிடங்களை இழந்ததை மறக்க முடியாது.

பழைய பம்ப் பிஸ்டல் பார்க்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். சுவரில் அட்டையை வையுங்கள், ஒருமுறை பம்ப் அடித்து உடனே சுடுங்கள். அடுத்த முறை பம்ப் அடித்து மூன்று நிமிடம் காத்திருந்து சுடுங்கள். இரண்டு 'டப்'பும் ஒரே மாதிரி கேட்டால் காற்றைக் கசியாமல் அடைக்கும் சீல் நன்றாக இருக்கிறது. இரண்டாவது சத்தம் நமுத்துப் போயிருந்தால் சீல் மாற்றும் செலவை விலையில் குறையுங்கள். எங்களுடையதில் இரண்டாவது சத்தம் கொஞ்சம் நமுத்துத்தான் இருந்தது. சீலை மாற்றினோம், இப்போது மூன்று நிமிடம் காத்திருந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை.