வயரிங்கை மறந்துவிட்டேன், அந்தக் காற்றுக் கதவை மறக்க முடியவில்லை: பழைய ஹைலக்ஸ் அனுபவம்

ஓமந்தையில் இருக்கும் நண்பன் ஒருவன் டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 டபுள் கேப் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, "மச்சான், நீ வைச்சிருக்கிறாய்தானே, எடுக்கலாமா வேண்டாமா? ஒரு வரியில சொல்லு" என்று கேட்டிருக்கிறான். ஒரு வரியில் சொல்லத்தான் பார்த்தேன், வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழசுகளுக்குக் கேட்ட விலை ஒரு கூத்து. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். அவன் பார்த்த வாகனத்தின் சொந்தக்காரர் இப்போதுதான் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாராம். அதனால் இவனுக்கு அவசரம்.

எஞ்சினைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. 3எல் என்று பெயர் வைத்த இந்த 2.8 லீற்றர் டீசல் எப்படி இழுக்கும், எவ்வளவு குடிக்கும், எப்போது புகைக்கும் என்பதை வன்னியில் எந்தக் கராஜில் கேட்டாலும் தேத்தண்ணியோடு சொல்லுவார்கள். நான் சொல்ல வந்தது வயரிங்கும் காற்றுப் பாதையும். இரண்டையும் போன மழைக்கு முதல் முழுதாகக் கழற்றிச் செய்வித்தேன்.

90களின் தொடக்கத்து வாகனம். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டியிருந்தார். ஒருவர் அலாரம், ஒருவர் ஏர் ஹோன், ஒருவர் ஃபொக் லைற், ஒருவர் பாட்டுப் பெட்டி. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற மூடியைக் கழற்றினால் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஒரு ரேப் உருண்டை தொங்கும். இது காணாதென்று எலி வேறு. நெல் மூட்டை ஏற்றுகிற வாகனத்துக்கு எலி வராமல் இருக்காது; பின்னால் சிந்திய நெல்லைத் தின்றுவிட்டு, பல்லைத் தீட்ட முன்னால் வயருக்கு வரும்.

இந்த டீசல் பம்பில் எண்ணெயை மறிக்கிற சொலனோயிட், அதாவது மின்சார அடைப்பான், ஒன்று இருக்கிறது. அதற்கு 12 வோல்ற் போய்க்கொண்டிருக்கும் வரைதான் எஞ்சின் ஓடும். அந்த வயரில் எலி பல்லை வைத்திருந்ததால், மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் நல்லாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாகனம் அப்படியே அடங்கிவிடும். இறங்கி, பொனற்றைத் திறந்து, வயரை ஆட்டினால் திரும்ப ஓடும். பம்பைக் கழற்ற வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. நல்ல காலம், பம்பைத் தொடவில்லை.

கிளிநொச்சியில் வயரிங் வேலை செய்கிற அண்ணை ஒருவரிடம் வாகனத்தை விட்டேன். அவர் வேலை செய்த முறை எனக்குப் பிடித்துக்கொண்டது. ஒன்றையும் புதிதாகப் பூட்டுவதற்கு முதல், பிற்காலத்தில் கூட்டின எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். "முதல்ல கொம்பனி வயர் மட்டும் மிஞ்சட்டும் தம்பி, பிறகு பாப்பம்" என்றார். மிஞ்சிய கட்டை வெளியே இழுத்து, பட்டறைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தி, ரெஸ்ற் லைற்றோடு ஒவ்வொரு வயராகப் போனார். வெளியில் பார்க்க நல்லாய் இருந்த வயரை ஒரு அங்குலம் உரித்தால் உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. ஈயம் பிடிக்கவே இல்லை, உருண்டு விழுந்தது. இன்னும் இரண்டு அங்குலம் உரித்தார், அங்கேயும் கறுப்பு. அந்த வயரை அடியோடு மாற்றினார். வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது டொயோட்டாவில் ஏர்த் வயர்; மின்சாரம் வாகன உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்புகிற வழி அது. அவை உடம்பில் பூட்டுப்படுகிற இடங்களை எல்லாம் இரும்பு மினுங்கும் வரை சுரண்டி, புது ஆணி போட்டு, மேலே கிறீஸ் பூசினார். டாஷ்போட் விளக்கு மங்குவது, சிக்னல் போட்டால் பாட்டு நிற்பது என்று நான் எழுதி வைத்திருந்த குறைகளில் பாதி அந்தச் சுரண்டலோடு போய்விட்டது.

பிளக்குகளுக்குத்தான் அலைச்சல். முப்பது வருடச் சூட்டில் பிளாஸ்ரிக் மொறுமொறுத்துப் போய், தொட்டாலே கிளிப் உடைந்தது. பழைய வாகனச் சாமான் விற்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து கழற்றிய வயரிங் கட்டு ஒன்றை முழுதாக எடுப்பித்தோம். அதன் வயர்களை அண்ணை சீந்தவில்லை. பிளக்குகளை மட்டும் அரையடி வாலோடு வெட்டி எடுத்துக்கொண்டார். பற்றரிக்குப் பக்கத்தில் உருகி இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் முன்னே யாரோ சாதாரண வயர் துண்டைச் செருகியிருந்தார்கள். ஷோட் ஆனால் உருகி வெட்டுவதற்கென்றே வைத்த துண்டு அது. அதை எடுத்துவிட்டு வெறும் வயரைப் போட்டால் உருகுவது முழுக் கட்டும்தான். அதைக் கையில் எடுத்துக் காட்டும்போது அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

ஹெட்லைற் கதை தனி. என் வாகனத்தில் பொசிற்றிவ் நேரே பியூஸ் வழியாக விளக்குக்குப் போய்விடும். சுவிச் வெட்டுவதும் சேர்ப்பதும் ஏர்த் பக்கத்தை. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் இப்படித்தான். இது தெரியாமல், ஹெட்லைற் வயர் ஒன்றில் கொழுவி ஃபொக் லைற்றைப் பூட்டியிருந்தார்கள். விளைவு என்ன? ஹெட்லைற்றை நிறுத்தினால் மின்சாரம் ஹெட்லைற் இழை வழியாகப் புகுந்து ஃபொக் லைற்றுக்குப் போய் உடம்பில் இறங்கும். இரண்டும் செத்த வெளிச்சத்தில் மினுங்கும். ஹெட்லைற்றைப் போட்டால் ஃபொக் லைற் அணைந்துவிடும். இதற்கு ஒரு கடையில் "சுவிச் பழுது" என்று சுவிச் மாற்றிக் காசும் வாங்கியிருந்தார்கள். பாவம் அந்தச் சுவிச். 60 வாற் விளக்கு இரண்டு என்றால் 10 அம்பியர். அவ்வளவும் ஸ்டியரிங் பக்கத்துச் சின்னச் சுவிச் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது விளக்குக்குப் பக்கத்திலேயே ரிலே, தடித்த வயர்; சுவிச் ரிலேயைத் தட்டிவிடுவது மட்டும்தான், பெரிய மின்சாரத்தை ரிலே வெட்டிச் சேர்க்கும். பல்பு பழைய பல்புதான், வெளிச்சம் மஞ்சளில் இருந்து வெள்ளையாகிவிட்டது.

அதன் பிறகு வயரிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. மழை முழுக்க ஓடினேன், ஒரு பியூஸ் போகவில்லை. எலிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்: கட்டு முழுவதற்கும் வரிக்குழாய் போட்டோம், நெல் இறக்கினால் அன்றே கூட்டிக் கழுவுகிறேன். அது போதும்.

இனி காற்றுப் பெட்டி. டாஷ்போட் முழுக்கக் கழன்று கிடக்கிறதே, இதையும் பார்த்துவிடுவோம் என்று நான்தான் கேட்டேன். அண்ணைக்கு விருப்பம் இல்லை, "அது என்ர வேலை இல்லைத் தம்பி" என்றார். பிறகு பெட்டியைத் திறந்ததும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

காற்று வருகிற வழி இது: துடைப்பான் இருக்கிற இடத்துக் கிறில் வழியாக உள்ளே இறங்கி, இடப்பக்கம் குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் உள்ள விசிறிக்கு வந்து, நடுவில் ஏசிப் பெட்டியைத் தாண்டி, ஹீற்றர் பெட்டிக்குள் போய், அங்கிருந்து முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ பிரியும். வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்துகிற வாகனம் என்பதால் விசிறிக்கூட்டில் அரைக் கடகம் வேப்பஞ்சருகு. நடுவில் நெல் உமியும் துணிக்கிழிசலும் வைத்து எலி குடும்பம் நடத்தியிருந்தது. விசிறியின் வேகத்தைக் குறைக்கிற கம்பிச்சுருள் காற்றோட்டத்தின் நடுவில்தான் இருக்கும், காற்றுத்தான் அதைக் குளிர வைக்கும். அதைச் சுற்றிப் பஞ்சும் தூசியும். சுருள் வெந்து அறுந்து, நாலாம் வேகம் மட்டும் வேலை செய்தது. நெருப்புப் பிடிக்காமல் இருந்தது புண்ணியம்.

உள்ளே காற்றைத் திருப்புகிற கதவுகளின் விளிம்பில் ஸ்பொஞ்ச் ஒட்டியிருக்கும். முப்பது வருட வெக்கையையும் ஈரத்தையும் எந்த ஸ்பொஞ்சும் தாங்காது. விசிறியைப் போட்டால் கறுப்புத் துகள் முகத்தில் வந்து விழும். வெள்ளைச் சட்டையில் தட்டினால் அப்பிக்கொள்ளும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சவர்க்காரத் தண்ணியில் கழுவி, வெயிலில் காயவைத்து, தண்ணி குடிக்காத ரக ஸ்பொஞ்ச் வாங்கி வெட்டி ஒட்டினோம். அப்போதுதான் கண்டது, கண்ணாடிக்குப் போகிற குழாய் மூட்டில் இருந்து கழன்று டாஷ்போட்டுக்குள்ளேயே காற்றை ஊதிக்கொண்டு இருந்தது. எத்தனை கையில் அப்படியே ஓடியதோ. அந்த மூட்டைத் திரும்பப் பூட்டினோம்.

ஹைலக்ஸில் எனக்கு வாய்த்த பெரிய சந்தோஷம் அந்த மூட்டுத்தான். கார்த்திகை மழையில் இரவில் ஏ9இல் ஓடியவர்களுக்குத் தெரியும்: வெளியே மழை, உள்ளே நாலு பேரின் மூச்சு, கண்ணாடி பால் போட்டுவிடும். எதிர்த்து வருகிற லொறியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவும். வீதியின் நடுவில் மாடு படுத்திருக்கும், கிட்டப் போகும் வரை தெரியாது. முன் சீற்றில் இருப்பவருக்குத் துவாய் பிடித்துத் துடைப்பதுதான் வேலை; என் மனைவி இந்த வாகனத்தில் அதைத்தவிர வேறொன்றும் பார்த்ததில்லை. இப்போது லீவரைக் கண்ணாடிக்குத் தள்ளி விசிறியை இரண்டில் வைத்தால், கீழ் ஓரத்தில் இரண்டு அரைவட்டமாக வெளித்து, மேலே ஏறி, முழுதும் தெளிந்துவிடும். ஏசியும் சேர்ந்தால் இன்னும் கெதி. வயரிங்குக்குப் போன காசில் சின்னத் துண்டுகூட இதற்குப் போகவில்லை.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகும் எனக்கு எரிச்சல் ஏன் என்றால், இன்னொரு கதவு இருக்கிறது. வெளிக்காற்றா உள்காற்றா என்று தீர்மானிக்கிறது அதுதான். எனக்கு முதல் வைத்திருந்தவர் ஏதோ ஒரு ஏசிக் கடையில் பெட்டியைக் கழற்றுவித்தபோது, அந்தக் கதவின் பிளாஸ்ரிக் கையை முறித்துவிட்டு, சைக்கிள் கம்பியை வளைத்துப் பூட்டிவிட்டிருக்கிறார்கள். கதவு முழுதாக மூடாது, ஒரு விரல் நுழைகிற இடைவெளி. 3 மிலிமீற்றர் ஸ்பொஞ்ச் ஒட்டினால் காற்று உள்ளே வரும். 6 மிலிமீற்றர் ஒட்டினால் கதவு முட்டிக்கொண்டு கேபிளைத் திரும்பத் தள்ளும். ஒவ்வொரு கிடங்கிலும் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுப் பக்கம் நழுவும். மடித்த பஸ் ரிக்கற்றை லீவருக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். அதுவும் நழுவும்.

பஞ்சிகாவத்தையில் கிடைத்த பெட்டிகளில் எல்லாம் அதே கை, அதே இடத்தில் முறிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியன் 3டி பிறிண்டரில் அச்சடித்துத் தந்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவன் பாவித்த பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்குகிற சாமான். சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்தின் டாஷ்போட்டுக்கு அது ஒரு வெக்கையே இல்லை. பின்னேரம் போய்ப் பார்த்தால் கை குனிந்து நின்றது. பித்தளையில் செய்வித்துப் போட்டாயிற்று, இப்போது கை பலம், ஆனால் கேபிள் இழுபட்டு நீள்கிறது, இடைவெளி போகவில்லை.

நேற்று ஒரு கலியாணத்துக்காக அக்கராயன் பக்கம் உள் வீதியில் போனோம். முன்னால் ஒரு டிப்பர். சிவப்புக் கிரவல் புழுதி அந்த ஒரு விரல் இடைவெளியால் வந்து, நாங்கள் துலக்கி வைத்த குழாய்களுக்குள்ளால் ஒழுங்காகப் பிரிந்து, எல்லாருடைய முகத்துக்கும் சமமாக அடித்தது. முன்பென்றால் பாதி டாஷ்போட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். மனைவியின் சேலையைப் பற்றி இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

ஆகவே மச்சான், எடுக்காதை. எஞ்சின் நல்லது, உடம்பு பலம், ஒழுங்கான கையில் கொடுத்தால் வயரிங் இன்னொரு முப்பது வருடம் போகும், மழையில் கண்ணாடி தெளியும், எல்லாம் உண்மை. எடுக்காதை.

எப்படியும் போய்ப் பார்க்கத்தான் போகிறாய், எனக்குத் தெரியும். சாவியை எடுத்த பிறகு முன்னால் நின்று ஏதாவது விளக்கு மினுங்குகிறதா பார். விசிறியின் நாலு வேகத்தையும் போட்டுப் பார். நாலாவது மட்டும் வேலை செய்தால் உள்ளே சருகு. பற்றரிப் பக்கத்து உருகி இணைப்பு கொம்பனித் துண்டுதானா என்று கேள், சொல்லை நம்பாமல் கண்ணால் பார். கடைசியாகக் குளோவ் பொக்ஸைக் கழற்றி ரோச் அடித்து, வெளிக்காற்றுக் கதவின் கறுப்பு பிளாஸ்ரிக் கை முழுதாக இருக்கிறதா என்று பார். இருந்தால், வாகனம் வேண்டாம், அந்தப் பெட்டியை மட்டும் கழற்றித் தருவாரா, என்ன விலை என்று கேட்டுவிட்டு உடனே எனக்குப் போன் அடி.