கீல் மோதிரம்: ஆண்டுக்கணக்கில் போட்ட பிறகு எது தேயும், எப்படிச் சரிசெய்வது

விரல் கணு வீங்கியவர்களுக்குச் சாதாரண மோதிரம் பெரிய தொல்லை. கணுவைத் தாண்டும் அளவுக்குச் செய்தால் அடியில் சுற்றும். அடிக்குப் பொருந்தச் செய்தால் கணுவைத் தாண்டாது. கீல் வைத்துத் திறந்து மூடும் மோதிரம் இதற்கு நல்ல தீர்வு. ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் நாக்கும் (பூட்டுக்குள் நுழையும் மடித்த தகடு) பூட்டும். நாக்கில் மூன்று பல் இருந்தால் மூன்று அளவில் பூட்டிக்கொள்ளலாம். நம் ஊர் மோதிர அளவில் ஒரு நம்பர் கூடினால் உட்சுற்றளவு ஏறத்தாழ 1 மி.மீ. கூடும். அதனால் பல்லுக்குப் பல் 1 மி.மீ. இடைவெளி இருந்தாலே காலை வீக்கத்துக்கும் மாலை விரலுக்கும் சரியாக வரும்.

அன்றாடம் போட்டால் மூன்று, நான்கு ஆண்டுகளில் இது ஆட ஆரம்பிக்கும். அப்போது பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் கைவைக்கிறார்கள். மோதிரத்தை மூடி, இரண்டு பாதியையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கீல் பக்கம் ஆடினால் கீலுக்குள் ஓடும் அச்சுக்கம்பி தேய்ந்திருக்கிறது. கீல் இறுக்கமாக இருந்து, பூட்டும்போது ‘டிக்’ சத்தம் வரவில்லையென்றால் நாக்கு படுத்துவிட்டது. சத்தம் வந்தும் இழுத்தால் திறக்கிறதா? பல்லின் விளிம்பு மழுங்கிவிட்டது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கம்பி ஏன் தேய்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. 22 காரட் தங்கம் (916) மென்மையானது. சுரைக்குள், அதாவது அந்தக் கம்பி நுழைந்திருக்கும் கீலின் குழாய்க்குள், புகும் மணல் துகள் அந்த மென்மையில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்தச் சுரை சாணைக்கல் மாதிரி கம்பியை அரைக்கும். கம்பி எவ்வளவு கடினமாக இருந்தாலும் அரைபடும். டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை. நாற்றங்கால் சேறு, ஆற்று மணல், நெல் தூசு, கோயிலில் தொட்ட விபூதி எல்லாம் கீலுக்குள் போகும். வெற்றிலை போடும் கைக்கு இன்னொரு வினை உண்டு: சுண்ணாம்பு. ஈரமாகப் போய், காற்றுப்பட்டுக் கல்லாக இறுகிவிடும். கீல் திடீரென்று இறுகினால் முதலில் சுண்ணாம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே பட்டறைக்குப் போகுமுன் கழுவிப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு அல்லது இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு 20 நிமிடம் ஊறட்டும். பிறகு குழந்தைகள் பிரஷால் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் தேய்த்து அலசுங்கள். சுண்ணாம்பு இறுகியிருந்தால் வெள்ளை வினிகரில் 5 நிமிடம் போட்டு உடனே நல்ல தண்ணீரில் அலசலாம். முத்தும் பவளமும் பதித்த மோதிரம், குறிப்பாக நவரத்தின மோதிரம், வினிகர் பக்கமே போகக்கூடாது. அமிலம் இரண்டையும் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் எந்த மோதிரத்துக்கும் வேண்டாம். காய்ந்ததும் ஊசி முனையில் தொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடுவது பழக்கம். ஆனால் அது சிக்குப்பிடித்துத் தூசைச் சேர்க்கும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும்.

கழுவியும் ஆடினால் கம்பியை மாற்ற வேண்டியதுதான். இங்கேதான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கச் சொல்கிறேன். “பொடி வச்சு ஊதித் தந்துடறேன்” (பற்றவைக்கும் பொடியை உருக்கி ஒட்டுவது) என்று பத்தர் சொன்னால், கம்பியின் முனையில் பொடி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பொடி உருகிச் சுரைக்குள் ஓடினால் கீல் மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். ஓடாமல் தப்பினாலும், அடுத்த தடவை கம்பியை எடுக்கச் சுரையையே அறுக்க வேண்டிவரும். கம்பி மாற்றக்கூடிய பாகம்; அதை முனை தட்டித்தான் நிறுத்த வேண்டும்.

முறை இது. பழைய கம்பியின் ஒரு தலையை அரத்தால் ராவிச் சமமாக்கி, மெல்லிய ஊசியால் மறுபக்கம் தள்ள வேண்டும். துளை நீள்வட்டமாகியிருந்தால், 0.8 மி.மீ. துளையை 0.9 அல்லது 1.0க்கு வட்டமாகச் சீவி, அதற்கேற்ற கம்பி போட வேண்டும். சீவிய பிறகு சுரையின் சுவர் 0.4 மி.மீ.க்குக் குறைந்தால் சுரையையே மாற்றுவது நல்லது. கம்பி 18 காரட். கம்பித்தட்டில் (கம்பியை இழுத்து மெலிதாக்கும் துளைத் தகடு) கடைசி இரண்டு மூன்று கண்களில் காய்ச்சாமல் இழுத்தது வேண்டும்; இழுக்க இழுக்க உலோகம் இறுகும், நெருப்பில் காட்டினால் அந்த இறுக்கம் போய்விடும். துளையின் இரண்டு வாயையும் லேசாகக் குழித்து, கம்பி இரு பக்கமும் 0.3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க விட்டு, சின்னச் சுத்தியால் மாற்றி மாற்றித் தட்டித் தலை கட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் சுரைகள் நெருங்கிக் கீல் சிக்கும். சுரைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்துத் தட்டி, பிறகு நனைத்து உரித்துவிட்டால் வேண்டிய இடைவெளி தானாகக் கிடைக்கும்.

6 மி.மீ. நீளம், 0.9 மி.மீ. கனமுள்ள 18 காரட் கம்பி ஏறக்குறைய 60 மில்லிகிராம்தான் வரும். அதனால் இதில் தங்கச் செலவு ஒன்றுமில்லை, கூலிதான். அதை மிச்சம்பிடிக்க ஒடிந்த தையல் ஊசியைச் செருகுகிறவர்கள் உண்டு. வேர்வை பட்டுச் சில மாதத்தில் துரு ஏறி, ஊசி சுரைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம்.

இனி நாக்கு. மடித்த தகட்டின் துள்ளல்தான் பூட்டைப் பிடிக்கிறது. படுத்துவிட்டால் இரண்டு மடலுக்கு நடுவே மெல்லிய பிளேடை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, 0.2 மி.மீ. அளவில், நீளம் முழுக்கச் சமமாக உயர்த்திப் பார்க்கலாம். மடிப்பில் மட்டும் நெம்பக்கூடாது. ஒன்றிரண்டு தடவை இது செல்லும். அதற்கு மேல் மடிப்பில் மயிரிழை விரிசல் விழும். 10 மடங்கு லென்ஸில் தெரியும். விரிசலைக் கண்டால் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள், ஒருநாள் கல்லோடு விழுந்துவிடும்.

புது நாக்கு 22 காரட்டில் செய்தால் மாதங்களில் படுத்துவிடும். 18 காரட் தகட்டை 1 மி.மீ.யிலிருந்து 0.5 மி.மீ. வரை காய்ச்சாமல் உருட்டி, ஒரே தடவையில் மடிக்க வேண்டும். விரித்து மறுபடி மடித்தால் ஒடியும். அடியைப் பொடி வைத்துப் பற்றவைக்கும்போது நாக்கின் மீதி நீளத்தை ஈரப் பஞ்சாலோ ஈரக் களிமண்ணாலோ மூடி, கீல் பக்கம் காவிக் குழம்பு பூசிவிட்டால் சூடும் பொடியும் வேண்டாத இடத்துக்குப் போகாது. காட்மியம் கலந்த பொடி கூடவே கூடாது. ஊதுகிறவரின் நுரையீரலுக்குக் கேடு. மழுங்கிய பல்லை ஒரு தடவை ஊசி அரத்தால் கூர்மையாக்கலாம். மறுதடவை வந்தால் நாக்கை மாற்றுவதுதான் சரி.

கொடுக்கும்போது எடை போட்டு, 18 காரட் பாகங்கள் சேர்வதை ரசீதில் எழுதி வாங்குங்கள், பின்னாளில் உருக்கும்போது தரம் குறைந்தால் வாக்குவாதம் வராது. உட்புறம் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இருக்கும் இடத்தை ராவவும் மெருகேற்றவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது அங்கேயே 50 தடவை திறந்து மூடுங்கள். மூன்று பல்லிலும் ‘டிக்’ கேட்க வேண்டும். மூடிய மோதிரத்தின் பூட்டுக்கு இரு பக்கமும் நூல் கட்டி ஒரு கிலோ எடையைத் தூக்கினாலும் திறக்கக்கூடாது. கீலுக்கு நடுவே தலைமயிர் சிக்கி இழுபட்டால் தோலும் கிள்ளுப்படும். அதையும் அங்கேயே சரிசெய்யச் சொல்லலாம். நடவுக்கும், ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்கும்போதும் மட்டும் கழற்றி வையுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், நேற்றைய பல்லில் பூட்டிய மோதிரம் நழுவிப் போகும்.