ட்ரெக் தமிழ்நாடு, குரங்கணி ரூட்: மலையேறப் போற பசங்களுக்காக ஒரு ரிவ்யூ

வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு சர்வீஸ்ல புக் பண்ணி தேனி பக்கம் குரங்கணி – சாம்பலாறு ரூட் போயிட்டு வந்தாச்சு. "காசு கட்டி எதுக்குப் போகணும், நாமளே ஏறிரலாமே"ன்னு காலேஜ் பசங்க நிறைய பேர் கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் எழுதுறேன். கட்டுற காசுக்கு தாராளமா ஒர்த்துங்க.

குரங்கணின்னாலே 2018 மார்ச் 11 தான் மனசுல வரும். கொழுக்குமலை போயிட்டு இறங்கிட்டு இருந்தவங்க காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. காஞ்ச புல்லு, சரிவு, காத்து மூணும் சேந்துட்டா தீ மேட்டப் பாத்து ஏறுற வேகத்துக்கு யாராலயும் ஓட முடியாது. அதுக்கப்புறம் ரூல்ஸ் எல்லாம் டைட் ஆச்சு, 2024 அக்டோபர்ல 14 மாவட்டத்துல 40 ரூட்டோட இந்த சர்வீஸ ஆரம்பிச்சாங்க. பிப்ரவரி பாதில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் தீ சீசன், ட்ரெக்கிங் கிடையாது. அந்த நேரத்துல எவனாச்சும் "நான் கூட்டிட்டுப் போறேன் ப்ரோ"ன்னு இன்ஸ்டால போஸ்டர் போட்டா தயவுசெஞ்சு போகாதீங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கைடு. மலைய ஒட்டி இருக்குற ஊர்க்காரங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்து வேலைக்கு வச்சிருக்காங்க. எங்க கூட வந்த அண்ணன் ஒரு வளைவுல சட்டுன்னு கைய நீட்டி எல்லாரையும் நிறுத்திட்டாரு, பாத்தா பாதைல காட்டெருமை சாணி, இன்னும் ஈரம் காயல, பக்கத்துல புல்லு மடங்கிக் கெடக்கு. யாரும் பேசாதீங்கன்னு சைகை காட்டிட்டு கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டுதான் மேல நடக்க விட்டாரு. நாம தனியாப் போயிருந்தா அந்த சாணியத் தாண்டிக் குதிச்சுட்டு ரீல்ஸ் எடுத்துட்டு இருந்திருப்போம். அதனால ப்ளூடூத் ஸ்பீக்கர வீட்லயே வச்சிட்டு வாங்க, சென்ட் அடிக்காதீங்க, கைடுக்கு முன்னாடி ஓடாதீங்க.

ஷூ விஷயத்துக்கு வருவோம். புது ஷூவ மொத தடவையா மலைல போடாதீங்க, ஒரு வாரமாச்சும் ஊருக்குள்ள போட்டு நடந்து பழக்குங்க. ஏறுறதவிட இறங்குறதுதான் கால வாங்கும், இறங்குறதுக்கு முன்னாடி கணுக்கால் கிட்ட லேஸ இறுக்கிக் கட்டலன்னா பெருவிரல் முன்னாடி போய் இடிச்சு நகமே கறுத்துரும், முந்துன நாளே நகம் வெட்டிருங்க. ஜீன்ஸ் வேண்டாம், நனஞ்சா கனம், காயவும் காயாது. தண்ணி ஆளுக்கு 2 லிட்டர் கண்டிப்பா, கூட கடலை மிட்டாய், உப்புக் கரைசல் பாக்கெட். மழை பெஞ்சிருந்தா அட்டை ஏறும், பயந்து பிச்சு இழுக்காதீங்க, நகத்தால ஓரமா நெம்புனா விட்டுரும். ப்ளாஸ்டிக் கவரு கொண்டு போனா திரும்பக் கொண்டு வாங்க, அது நம்ம காடு.

முக்கியமா ஒண்ணு, இது காலைல போய் சாயங்காலம் திரும்புற ட்ரெக்குதான், டென்ட் கிடையாது. அனுமதி இல்லாம ரிசர்வ் காட்டுக்குள்ள டென்ட் அடிக்கிறது சட்டப்படி தப்பு. டென்ட்ல தங்கியே ஆகணும்னா மூணாறு பக்கம் மீசப்புலிமலைக்கு கேரள வன வளர்ச்சிக் கழகத்தோட பேஸ் கேம்ப் இருக்கு, 2,600 மீட்டருக்கு மேல உயரமான மலை, ராத்திரி குளிரு எலும்பத் தொடும். அங்க போறவங்க கனமான கம்பளிய மட்டும் நம்பாதீங்க, குளிரு தரைல இருந்துதான் ஏறும், அடில போட ஒரு ஃபோம் மேட் அவசியம். குளிருதுன்னு டென்ட்ட முழுசா மூடிட்டா மூச்சுக் காத்தே தண்ணியா மாறி உள்ள சொட்டும், காத்து போற வென்ட்ட கொஞ்சம் தொறந்து வைங்க. உள்ள கரி அடுப்போ ஸ்டவ்வோ பத்த வைக்கவே கூடாது, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனை கூட இருக்காது, தூக்கத்துலயே ஆள முடிச்சிரும்.

குரங்கணிக்கு வர்றவங்க போடில முந்துன நாள் ராத்திரியே தங்கிருங்க, அங்க இருந்து கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் தான். ஆதார் ஒரிஜினல் கைல இருக்கட்டும், எந்த ரூட்டு, எப்ப திரும்புவீங்கன்னு வீட்ல ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லிட்டு கிளம்புங்க, மேல போகப் போக சிக்னல நம்ப முடியாது.