ஜாவா இன்ஸ்டால் பண்ணித் தர 2,800 ரூபாயா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பில் கையால் எழுதப்பட்டது. ஜாவா லைஃப்டைம் லைசென்ஸ் 1,200. ஜேடிகே (ஜாவா மொழியில் புரோகிராம் எழுதத் தேவையான தொகுப்பு) இன்ஸ்டலேஷன் 500. ஐடிஇ (புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) அல்டிமேட் 800. பாத் (புரோகிராம்கள் எந்த ஃபோல்டர்களில் இருக்கின்றன என்று விண்டோஸுக்குச் சொல்லும் பட்டியல்) செட்டிங் 300. மொத்தம் 2,800 ரூபாய். கட்டியவர் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. வாங்கிக்கொண்டது ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பெயர் வேண்டாம். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன, ‘எனிடெஸ்க்ல பத்தே நிமிஷத்துல ஃபுல் ஜாவா செட்டப்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடுகிறவர்கள் உட்பட. (எனிடெஸ்க் என்பது தூரத்தில் இருந்தபடியே உங்கள் மெஷினை இயக்கும் மென்பொருள்.)

சென்டரில் ஐடிஇயைத் திறந்து ஹலோ வேர்ல்டு ஓட்டிக் காட்டினார்கள். மறுநாள் லேபில் கமாண்ட் பிராம்ப்டில் (கமாண்ட் டைப் செய்யும் கறுப்பு விண்டோ) அதே புரோகிராம் ஓடவில்லை. பைத்தான் என்ற இன்னொரு புரோகிராம் மொழியும் கூடவே நின்றுவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், “எங்ககிட்ட ஓடுச்சே சார், வைரஸா இருக்கும். ஃபார்மேட் பண்ணணும், 600 ஆகும்.”

வைரஸும் இல்லை, ஃபார்மேட்டும் தேவையில்லை. அந்த லேப்டாப்பில் செய்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். உங்கள் லேப்டாப்பிலும் இதில் இரண்டு மூன்றாவது இருக்கலாம். (கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

முதலில் அந்த 1,200 ரூபாய். ஜாவாவுக்கு லைசென்ஸ் கீ என்று ஒன்று கிடையவே கிடையாது. இன்ஸ்டால் ஆகும்போது எந்த ஜேடிகேவும் கீ கேட்பதில்லை, ஆக்டிவேஷன் கேட்பதில்லை. ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் பணம் வாங்குவது நிறுவனங்களிடம், அதுவும் சந்தா ஒப்பந்தமாக. படிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு பைசா வேலை இல்லை. யாராவது 25 எழுத்துக் கீயை ஸ்டிக்கரில் ஒட்டிக் கொடுத்தால், அதை டைப் செய்ய எங்கே இடம் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, ஐடிஇக்குள் ஓட்டிக் காட்டியது. இதுதான் முக்கியமான கண்கட்டு. எக்லிப்ஸ் என்ற ஐடிஇ 2020 செப்டம்பர் வெளியீட்டிலிருந்து தன்னுடனேயே ஒரு ஜாவாவைக் கொண்டுவருகிறது. இன்டெல்லிஜே என்ற இன்னொரு ஐடிஇயும் தன் சொந்த ஜாவாவில்தான் திறக்கிறது. நம் புரோகிராமை ஓட்டுவதற்கும் புராஜெக்ட் செட்டிங்கில் சொன்ன ஜேடிகேவை நேராகப் போய் எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் பாத் குப்பையாக இருந்தாலும் ஐடிஇக்குள் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். காசு கொடுக்கும் முன் ஐடிஇயை மூடச் சொல்லிவிட்டு, புதிதாக ஒரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நான்கு கமாண்ட் அடியுங்கள்:

‘ஜாவா -வெர்ஷன்’
‘ஜாவாசி -வெர்ஷன்’
‘வேர் ஜாவா’
‘எக்கோ %ஜாவா_ஹோம்%’

முதல் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். இந்த லேப்டாப்பில் முதலாவது 1.8 என்றது, இரண்டாவது 17 என்றது. ஜாவா எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ‘வேர் ஜாவா’ அடித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மூன்று வரிகள் வந்தன, முதல் வரியின் கடைசியில் ‘ஆரக்கிள்\ஜாவா\ஜாவாபாத்\ஜாவா.இஎக்ஸ்இ’. சென்டர்காரர் முதலில் ஜாவா.காம் தளத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கிடைப்பது பொதுமக்களுக்கான ஜாவா 8, அதாவது ஓட்ட மட்டும் தெரிந்த ஜேஆர்இ. அதில் கம்பைலர் (எழுதிய புரோகிராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது, கமாண்டில் ஜாவாசி) இல்லை. ஜாவாசி வரவில்லை என்று தெரிந்த பிறகு, பழையதை நீக்காமல் மேலேயே ஜேடிகே 17ஐப் போட்டிருக்கிறார். ஆரக்கிள் ஜேஆர்இ இன்ஸ்டாலர் தன் ஜாவாபாத் ஃபோல்டரை சிஸ்டம் பாத்தின் தலைமாட்டில் கொண்டுபோய் வைக்கும். விண்டோஸ், மெஷினுக்கே பொதுவான சிஸ்டம் பாத்தை முதலில் படித்துவிட்டுத்தான் உங்கள் கணக்குக்கு மட்டுமான யூசர் பாத்துக்கு வரும். ஆக, கம்பைல் செய்வது 17, ஓட்டுவது 8. அப்படி இருந்தால் வருவது ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’.

அந்த எரரில் இரண்டு எண்கள் இருக்கும்: 61.0, 52.0. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் வெர்ஷன். பெரிய எண் கம்பைல் செய்த ஜாவா, சிறிய எண் ஓட்ட முயன்ற ஜாவா. கன்ட்ரோல் பேனலில் ஜாவா 8ஐ அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, கமாண்ட் விண்டோவை மூடித் திறந்தால் இது தீர்ந்துவிடும்.

ஆனால் இந்த எரர்கூட அந்தப் பெண்ணுக்கு உடனே தெரியவில்லை. அதற்கு முன்னால் இன்னொன்று மறைத்துக்கொண்டு நின்றது: ‘குட் நாட் ஃபைண்ட் ஆர் லோட் மெயின் கிளாஸ்’. கிளாஸ் ஃபைல் அதே ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறது, ஜாவாவுக்குத் தெரியவில்லை. காரணம், பாத் செட்டிங் என்ற பெயரில் கிளாஸ்பாத் (கிளாஸ் ஃபைல்களை எங்கே தேட வேண்டும் என்று ஜாவாவுக்குச் சொல்வது) என்று ஒரு வேரியபிளும் வைத்து, அதில் டூல்ஸ்.ஜார் என்ற ஃபைலைக் காட்டியிருந்தார்கள். டூல்ஸ்.ஜார் ஜாவா 9லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஜாவா 9 வந்தது 2017இல். அத்தனை வருஷமாக அதே பழைய நோட்டைப் பார்த்தே செட்டிங் போடுகிறார்கள் போல. இல்லாத ஃபைலைக் காட்டினால் வெறும் வீண் வேலை என்று விட்டுவிடலாம், ஆனால் கிளாஸ்பாத் வேரியபிள் ஒன்று இருந்து, அதில் நடப்பு ஃபோல்டரைக் குறிக்கும் புள்ளி இல்லையென்றால், ஜாவா நடப்பு ஃபோல்டரில் தேடுவதை நிறுத்திவிடும். வேரியபிளை அழித்துவிடுங்கள். அழிக்க அனுமதி இல்லாத லேப் மெஷின் என்றால் ‘ஜாவா -சிபி . ஹலோ’ என்று ஓட்டுங்கள். நடுவில் இருக்கும் புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

இனி பைத்தான் எப்படிச் செத்தது என்பது. டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் ஃபைலை விட்டுப் போயிருந்தார்கள், ரைட் கிளிக் செய்து எடிட்டில் திறந்தால் ஒரே வரி: ‘செட்எக்ஸ் பாத்’, அதற்கப்புறம் ஜேடிகேவின் பின் ஃபோல்டர், பிறகு ‘;%பாத்%’. பார்க்க நியாயமான வரி. ஆனால் செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் எழுதாது, மிச்சத்தை வெட்டிவிடும். ஒரு வார்னிங் வரி வரும். பேட்ச் ஃபைல் முடிந்ததும் விண்டோ மூடிக்கொள்வதால் யார் கண்ணிலும் படாது. அதைவிட மோசம், ‘%பாத்%’ என்பது சிஸ்டம் பாத்தும் யூசர் பாத்தும் சேர்ந்தது. சேர்த்ததை அப்படியே யூசர் பாத்தில் கொட்டுகிறது. வரிசையில் சிஸ்டம் பகுதி முன்னால், யூசர் பகுதி பின்னால். வெட்டு விழுவது பின்னால். பைத்தானை சாதாரணமாக இன்ஸ்டால் செய்தால் யூசர் பாத்தில்தான் போய் உட்காரும். விஎஸ் கோடு என்ற எடிட்டரும் அப்படியே. கழுத்து அறுபட்டது அவற்றுக்குத்தான்.

பாத்தை மாற்றப் பாதுகாப்பான வழி: விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தி ‘எஸ்ஒய்எஸ்டிஎம்.சிபிஎல்’ அடித்து, அட்வான்ஸ்டு டேபில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ். விண்டோஸ் 10இலும் 11இலும் பாத் வரிவரியாகத் தெரியும். ‘மூவ் அப்’ பட்டனால் மேலே கொண்டுபோகலாம். செட்எக்ஸ் ஏற்கெனவே ஓடிவிட்டதா? அதற்கு முன்பே திறந்த கமாண்ட் விண்டோ ஏதாவது மூடாமல் இருந்தால் அதில் ‘எக்கோ %பாத்%’ அடியுங்கள். பழைய பாத் முழுசாக அங்கே இருக்கும். காப்பி எடுத்துக்கொண்ட பிறகுதான் ரீஸ்டார்ட்.

ஜேடிகே இருக்கும் இடத்தைச் சொல்லும் வேரியபிளான ஜாவா_ஹோமில் ஜேடிகே ஃபோல்டரோடு நிற்க வேண்டும். ‘\பின்’ சேர்த்தால், புராஜெக்டைக் கட்டும் கருவியான மேவன் ‘சரியாக டிஃபைன் ஆகவில்லை’ என்று நிற்கும். ஜேஆர்இயைக் காட்டினால் ‘நோ கம்பைலர் இஸ் புரொவைடட்’ என்று வரும். கடைசியில் அரைப்புள்ளியும் வேண்டாம், மேற்கோள் குறியும் வேண்டாம்.

அடுத்து 800 ரூபாய் ‘அல்டிமேட்’. லைசென்ஸ் பூட்டை உடைத்த ஐடிஇ. வெளியில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் ஹெல்ப் மெனுவில் ‘எடிட் கஸ்டம் விஎம் ஆப்ஷன்ஸ்’ திறந்து பாருங்கள். ‘-ஜாவாஏஜென்ட்:’ என்று தொடங்கி ஏதோ ஒரு ஜார் ஃபைலைக் காட்டும் வரி இருந்தால் அதுதான் சாட்சி. ஐடிஇ திறக்கும்போதெல்லாம் அந்த ஜார் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டு, கிட் டோக்கன், டேட்டாபேஸ் விவரம் எதையும் அது பார்க்க முடியும். யார் எழுதியது, என்ன செய்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. அந்த ஜாரை ஆன்டிவைரஸ் பிடிக்கக் கூடாதென்று சி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷனில் (சோதிக்காமல் விடும் பட்டியல்) வேறு போட்டிருந்தார்கள்! விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் பாதுகாப்பு செட்டிங்கின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் இருக்கும். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருந்தால் நீக்குங்கள்.

ஜாரை மட்டும் அழித்தால் ஐடிஇ திறக்கவே திறக்காது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதே ஆளிடம் போவார்கள். விஎம் ஆப்ஷன்ஸில் அந்த வரியையும் நீக்குங்கள். என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் ‘ஐடியா_விஎம்_ஆப்ஷன்ஸ்’ என்று ஒன்று இருந்தால் அதையும் நீக்குங்கள். இது தங்கிவிட்டால் புதிதாக இன்ஸ்டால் செய்தாலும் பழைய ஜாரையே தேடும். இத்தனைக்கும் இன்டெல்லிஜேயில் இலவசமாகக் கிடைப்பதே கல்லூரிப் பாடத்துக்குத் தாராளம். கல்லூரி மெயில் ஐடி இருந்தால் முழு வெர்ஷனே மாணவர்களுக்கு இலவசம். எக்லிப்ஸ், நெட்பீன்ஸ் என்ற ஐடிஇகள் இரண்டுக்கும் காசு கிடையாது.

வெப் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாவா வெப் புரோகிராம்களை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10ஐப் போட்டுக் கொடுத்து, பழைய செர்வ்லெட் (அந்த வெப் புரோகிராம்) நோட்டைக் கையில் கொடுக்கிறார்கள். டாம்கேட் 10இலிருந்து ‘ஜாவாஎக்ஸ்.செர்வ்லெட்’ என்ற பேக்கேஜ் பெயரே ‘ஜகார்தா.செர்வ்லெட்’ என்று மாறிவிட்டது. நோட்டில் இருப்பது ஜாவாஎக்ஸ் என்றால் டாம்கேட் 9 போடுங்கள். புரோகிராமில் தப்பு தேடி ராத்திரி முழுக்க உட்காராதீர்கள்.

தமிழில் பிரிண்ட் செய்தால் கேள்விக்குறிகளாக வருகிறதா? ‘ஃபான்ட் இல்லை, ஃபுல் பேக் போடணும்’ என்று அதற்கும் பில் போடுவார்கள். ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். கேள்விக்குறி என்றால் என்கோடிங், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை. ஜாவா 17 வரை விண்டோஸில் ‘ஜாவாசி -என்கோடிங் யுடிஎஃப்-8’ என்று சொல்லிக் கம்பைல் செய்ய வேண்டும். 18இலிருந்து யுடிஎஃப்-8தான் இயல்புநிலை. ஆனால் இது ஃபைலைப் படிப்பதற்குத்தான், கமாண்ட் விண்டோவில் காட்டும் என்கோடிங் தனி.

சிறு அலுவலகம் நடத்துகிறவர்கள் வேறு விதமாக மாட்டுகிறார்கள். அங்கே ‘ஜாவா ஃப்ரீதானே’ என்று சொல்லி, கூகுளில் முதலில் வந்த ஆரக்கிள் ஜேடிகேவை எல்லா மெஷினிலும் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஜாவா 8இன் 2019 ஏப்ரல் அப்டேட்டான 211இலிருந்து ஆரக்கிள் வெளியீடு, வணிகப் பயன்பாட்டுக்கு இலவசம் இல்லை. ஆரக்கிள் ஜேடிகே 17 இலவசமாக வந்தது, 2024 அக்டோபரில் வந்த 17.0.13இலிருந்து அதுவும் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து சந்தாக் கணக்கு போடுவது ஜாவா உள்ள மெஷின்களை எண்ணி அல்ல, நிறுவனத்தின் மொத்த ஊழியர்களை எண்ணி. இரண்டு மெஷினில் ஜாவா, அறுபது பேர் வேலை என்றால் கணக்கு அறுபது பேருக்கு. டெமூரின், கொரெட்டோ, ஸூலு என்று ஜாவாவின் திறந்த மூலமான ஓப்பன்ஜேடிகேவிலிருந்தே கட்டப்பட்ட இலவச வெளியீடுகள் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

சரியாகப் போட அரை மணி நேரம் போதும். பழைய ஜாவா எல்லாவற்றையும் கன்ட்ரோல் பேனலில் நீக்குங்கள். அடோப்டியம்.நெட் என்று முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொடாதீர்கள். டெமூரின் 21, ஜேடிகே, விண்டோஸ் எக்ஸ்64, எம்எஸ்ஐ ஃபைல். இறக்கியதும் ‘செர்ட்யுடில் -ஹேஷ்ஃபைல்’, ஃபைல் பெயர், ‘எஸ்எச்ஏ256’ என்று அடித்து, வரும் 64 எழுத்தைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். இன்ஸ்டாலரில் பாத்தில் சேர்ப்பது தானாகவே தேர்வாகி இருக்கும், ஆனால் ஜாவா_ஹோம் வரியில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதைக் கிளிக் செய்து ‘லோக்கல் ஹார்டு டிரைவில் இன்ஸ்டால்’ என்று மாற்றுங்கள். பெரும்பாலானோர் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்திக் கோட்டைவிடுவது இந்த ஒரு இடத்தில்தான். பிறகு அந்த நான்கு கமாண்டுகள்.

எனிடெஸ்க்கில் யாரையாவது உள்ளே விட்டிருந்தால், அதன் செட்டிங்கில் ‘அன்அட்டெண்டட் ஆக்ஸஸ்’ ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். ஆன் ஆகி இருந்தால் நீங்கள் ஓகே கொடுக்காமலே அவர் திரும்ப வரலாம். நெட்டைத் துண்டித்து, எனிடெஸ்க்கை நீக்கி, வேறொரு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த நேரத்தில் வங்கிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. செய்யாத வேலைக்கு, இல்லாத லைசென்ஸுக்குப் பில் போட்டிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பில்லின் போட்டோவும் யுபிஐ ரசீதும் கையில் இருக்கட்டும். பில்லில் ‘லைசென்ஸ்’ என்று எழுதித் தரவில்லையென்றால், வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேளுங்கள்: “அந்த 1,200 எதுக்கு சார்?”