என்ஐஆர்எஃப் தளம்: ரேங்க்கை விடுங்கள், பிடிஎஃப்பைத் திறங்கள்

கல்லூரிகளை வரிசைப்படுத்தும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு இரண்டு நட்சத்திரம். அதே தளத்தில் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் கிடக்கிற, கல்லூரி கொடுத்த விவரங்கள் அடங்கிய பிடிஎஃப்புக்கு நான்கரை. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். அக்கா மகளுக்கு இந்த ஆண்டு கவுன்சிலிங் என்பதால் பெற்றோர் பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்க வேண்டி வந்தது.

பட்டியல் 2016 முதல் வருகிறது. பொறியியலில் நூற்றுக்கு 30 ஆராய்ச்சிக்கு, இன்னொரு 30 கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும். படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு 20தான். ஐஐடி மெட்ராஸ் முதலிடம் வருவதில் யாருக்கும் சண்டையில்லை, கீழே வரவரத்தான் கூத்து. ரேங்க் ஏற நிர்வாகத்தின் கைக்குச் சீக்கிரம் எட்டுவது ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கை. எங்களிடம் இன்க்ரிமெண்ட் பேச்சு எடுத்தாலே 'ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை?' என்றுதான், அதாவது ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரை எத்தனை என்றுதான் கேட்பார்கள். இரண்டாமாண்டுப் பையன்களுக்கு லேப் ஒழுங்காக நடந்ததா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வெளியான பிறகு தவறு தெரிந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு 2025 பட்டியலில் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். நல்லது, எப்போதோ செய்திருக்கலாம்.

சரி, பிடிஎஃப்புக்கு வருவோம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், நான்கே ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். காலேஜ் பஸ் முதுகில் ஒட்டியிருக்கும் '95 சதவீத பிளேஸ்மெண்ட்'டில் அரியர் வைத்தவர்களைச் சேர்த்தார்களா என்பது இங்கே தெரிந்துவிடும். வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளமும் உண்டு. சரியாக நடுவில் நிற்கிறவரின் சம்பளம் அது. யாரோ ஒரு பையனுக்குக் கிடைத்த நாற்பது லட்சம் அதை அசைக்காது. அக்கா மகள் முதலில் வைத்திருந்த கல்லூரி இதைப் பார்த்தபிறகு சாய்ஸ் பட்டியலில் ஐந்தாவதுக்குப் போனது.

குறைகள் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ், மெக்கானிக்கல், சிவில் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கொட்டியிருக்கிறார்கள். மெக்கானிக்கல் எடுக்கப்போகிற பிள்ளைக்கு அது பாதி உதவிதான். அப்புறம், விவரம் கொடுப்பது கல்லூரியேதான். இதைச் சொல்லித் தொடர்ந்த வழக்கில்தான் 2025 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தரவரிசை வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை நீங்கி, செப்டம்பரில் பட்டியல் வந்தது. விவரத்தைக் கல்லூரியே கொடுப்பதால், பிடிஎஃப்பில் இடைநிலைச் சம்பளம் மூன்று ஆண்டுக்கும் துளி மாறாமல் ஒரே உருண்டை எண்ணாக இருந்தால் நான் நம்புவதில்லை.

முதல் நூறில் வராத கல்லூரி என்றால் இந்த பிடிஎஃப்புக்கு அதன் சொந்த இணையதளத்தில் 'என்ஐஆர்எஃப்' என்ற இணைப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும்.