மழைக்கு முன் காரைக் காட்ட, தாராவியில் ஒரு கராஜ்

மும்பையில் செம்பூரிலிருந்து தாதருக்குக் கார் ஓட்டுகிறவர்களுக்கு கிங்ஸ் சர்க்கிளையும் ஹிந்த்மாதாவையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கனமழையும் ஹை டைடும் ஒன்றாக வந்தால் சாலையில் முழங்கால் தண்ணீர். அந்த வழியில் டீசல் கார் ஓட்டும் நான் மனசாரச் சிபாரிசு செய்வது, தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் சின்ன கராஜ். போர்டு கிடையாது. நடத்துபவர் திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

எஞ்சின் காற்றை உயரத்திலிருந்து இழுக்க, கூரை வரை ஏறும் ஸ்நார்கல் என்ற குழாயை மாட்டித் தருவாரா என்று கேட்கத்தான் போனேன். மாட்டியிருந்தால் அவருக்கு நல்ல லாபம். அவரோ பானெட்டைத் திறந்து, எஞ்சின் காற்று இழுக்கும் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தார். 68 சென்டிமீட்டர். பிறகு அங்கிருந்து ஏர் ஃபில்டர் பெட்டி வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். கீழே வளையும் இடத்தில், 45 சென்டிமீட்டர் உயரத்தில், இணைப்பு தளர்ந்து கிளிப்பே இல்லாமல் இருந்தது. முன்பு சர்வீஸ் செய்த இடத்தில் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை.

"வாய் உசரத்துல இருந்து என்னம்மா, தொண்டையில ஓட்டை இருக்கே" என்றார். அந்த ஓட்டையை விட்டுவிட்டு ஸ்நார்கல் மாட்டியிருந்தால் காசு தண்டம். தவிர, தாழ்வான காருக்கு ஸ்நார்கல் உதவுகிற ஆழம் வருமுன்பே கதவு வழியாக உள்ளே தண்ணீர் வந்து வயரிங் போய்விடும்.

புது கிளிப், புது ரப்பர். ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துளையில் அடைத்திருந்த சருகையும் எடுத்தார். அவ்வளவுதான் வேலை, 600 ரூபாய்.

68 என்பதால் அதுவரை இறங்கலாம் என்று இல்லை. கார் நகரும்போதே முன்னால் தண்ணீர் எழும்பும், எதிரே பெஸ்ட் என்கிற நகரப் பஸ் வந்தால் அலையே அடிக்கும். சக்கரத்தின் நடு மட்டம்தான் எல்லை, அதுவும் முதல் கியரில், மெதுவாக என்றார்.

தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, அதைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேல் மிஞ்சும் இடம் பெட்ரோலைவிடக் குறைவு, அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அப்போது இழுத்து வந்த வண்டிகளில் பலவும் இப்படிச் சாவி போட்டுப் போனவைதான் என்றார். தள்ளி ஓரம் கட்டினால், இன்ஜெக்டரைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிவிடலாம்.

குறை என்றால், அச்சடித்த பில் தருவதில்லை. வழக்கமான இன்சூரன்சில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தவர்கள் க்ளெய்ம் வேலையை இங்கே கொடுக்க வேண்டாம். சந்தில் நிறுத்தவும் இடமில்லை. ஜூன் பிறந்தால் கூட்டம் நெரியும், மே மாதத்திலேயே காலையில் போய்விடுங்கள்.